குகனுக்குப் போகாத மெயில்

ஹரி ராயா பெருநாள் காலை. பீச் ஸ்த்ரீட் அலுவலகத்தில் இரண்டே பேர்: ஷர்மினி, அவளுடைய ஐ.டி. மேனேஜர் புவனேஸ்வரன். மீனும் இறாலும் உறைய வைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனி அது. பாதி ஊழியர்களின் மெயில் புது சர்வருக்கு மாறிவிட்டது. மீதிப் பேர் இன்னும் பழையதில்தான். எல்லோரும் மாறி முடியும்வரை இரண்டும் சேர்ந்து ஓடியாக வேண்டும், யாருக்கும் வித்தியாசம் தெரியாமல்.

போன் அடித்தது. கடலுக்கு அக்கரையில், மாக் மண்டின் குளிர்கிடங்கிலிருந்து குகன். இன்றைய டியூட்டி டெக்னீஷியன்.

"என்னாக்கா, காலைலேர்ந்து ஒரு மெயிலும் காணோம். ஒங்க புது சர்வரும் ராயா லீவா?"

"மெயில் வரலன்னா நிம்மதியா இரு லா, தம்பி."

சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். வேலை தலைக்கு மேல் கிடந்தது.

மதியத்துக்குப் பிறகுதான் அந்த வரிசை அவள் கண்ணில் பட்டது. புது சர்வர் வெளியே அனுப்பாமல் நிறுத்தி வைத்திருந்த மெயில்கள். எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு. பின்னால் நின்றிருந்த புவனேஸ்வரன் எட்டிப் பார்த்தார். ஏதோ மெஷின் அனுப்புகிற குப்பை, அழித்துவிட்டு அடுத்த ஆட்களை மாற்று, லீவு முடிவதற்குள் முடித்தாக வேண்டும் என்றார்.

ஷர்மினியின் விரல் அழிக்கும் பட்டன் வரை போனது. என்னவோ தோன்றி, ஒன்றைத் திறந்தாள்.

அமோனியா. மூன்றாம் அறை. அளவு மீறியது.

அடுத்ததைத் திறந்தாள். அளவு இன்னும் கூடியிருந்தது. அதற்கடுத்ததில் இன்னும்.

குளிரூட்டும் குழாயில் கசிவு. கதவருகே இருந்த சைரன் பழுதாகி, மாற்று பாகத்துக்காகக் காத்திருந்தது. அதுவரை மெயில்தான் காவல். முதலில் மெயிலைப் பார், பிறகு கதவைத் திற என்பது அங்கே விதி. கசிவை அளக்கும் கருவி மெயில் அனுப்புவது கிடங்கு சூப்பர்வைசர் இத்ரீஸுக்கு. இத்ரீஸ் பெருநாளுக்குக் கெடாவில், சொந்தக் கிராமத்து வீட்டில் இருந்தார்.

பிறகு எப்படிக் குகனுக்கு வரும்? அது அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு. ராயாவுக்கு மலாய்க்காரர்கள் போனால் தமிழர்கள் பார்த்துக்கொள்வார்கள். தைப்பூசத்துக்குத் தமிழர்கள் போனால் மலாய்க்காரர்கள். லீவில் போகிறவர் தன் மெயில் தானாகவே மற்றவருக்குப் போகும்படி வைத்துவிட்டுப் போவார். ஐ.டி.யிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருந்ததில்லை. ஷர்மினியே ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அதைத்தான் செய்வாள்.

நேற்று இத்ரீஸின் மெயில் பெட்டியைப் புது சர்வருக்கு மாற்றியவள் அவள்தான். குகன் இன்னும் பழையதில். ஆள் எழுதும் மெயில் இரண்டுக்கும் நடுவே ஒழுங்காகப் போகிறதா என்று சோதித்திருந்தாள், போனது. தானாகப் போகும் மெயிலைச் சோதிக்கவில்லை. புது சர்வருக்குப் பழையது வெளியாள். வெளியாளுக்குத் தானாக எதுவும் போகக்கூடாது என்பது அதோடு கூடவே வந்த கட்டுப்பாடு. அதை அவள் தளர்த்தவில்லை.

குகனின் கைபேசிக்கு அடித்தாள். லைனே போகவில்லை. கிடங்கின் சுவரெல்லாம் இரும்பு, உள்ளே போனால் லைன் கிடைக்காது.

உள்ளே போயிருக்கிறான்.

கிடங்கு வாசலில் இருக்கும் காவல் கூண்டுக்கு அடித்தாள். காவலாளி அய்யாக்கண்ணு எடுத்து, பெருநாள் அதுவுமா என்னா மேடம் என்று சாவகாசமாக ஆரம்பித்தார்.

"அண்ணே, மூணாம் ரூம்ல கேஸ் லீக். குகன் உள்ள இருக்கான். கதவத் தட்டிக் கூப்பிடுங்க. நீங்க மட்டும் உள்ள போவாதீங்க."

ரிசீவரைக் கீழே போட்ட சத்தம். ஓடும் காலடி. பிறகு ஒன்றுமில்லை. புவனேஸ்வரன் இன்னொரு போனில் தீயணைப்பு வண்டிக்காகப் பொம்பாவை அழைத்துக்கொண்டிருந்தார். ஷர்மினி காதிலிருந்து போனை எடுக்கவில்லை. நடுவில் கடல். ஓடிப் போய்ப் பார்க்கக்கூட வழியில்லை.

வெகுநேரம் கழித்து அய்யாக்கண்ணு மூச்சு வாங்க வந்தார். குகன் கதவு வரைக்கும் தானே தவழ்ந்து வந்துவிட்டானாம். பேச்சு வருகிறது. கண்ணைத்தான் திறக்க முடியவில்லை. பொம்பா ஆட்கள் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் மருத்துவமனையிலிருந்து தகவல் வந்தது. உயிருக்குப் பயமில்லை. பார்வையைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது.

புவனேஸ்வரன் அந்தக் கட்டுப்பாட்டைத் தானே தளர்த்திவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தணிந்த குரலில் பேசினார். இத்ரீஸ் நம்மிடம் கேட்காமல் வைத்த ஏற்பாடு, தப்பு அவன் பக்கம், ரிப்போர்ட் அப்படித்தான் போகும், யார் கேட்டாலும் நீ வாயைத் திறக்காதே.

அப்போதுதான் பிரமிளா கூப்பிட்டாள். குகனின் மனைவி, மருத்துவமனையிலிருந்து.

"அக்கா, அவரு எப்பவும் மெயிலப் பாத்துட்டுத்தான் உள்ள போவாரு. இன்னிக்குப் பாக்காமப் போயிட்டாராம். இங்க எல்லாரும் அப்படித்தான் பேசிக்கிறாங்க. அப்படியாக்கா?"

புவனேஸ்வரன் கையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"பாத்தாரு, பிரமிளா. மெயில்தான் அவருக்குப் போகல. நான் மாத்துனதுல நின்னு போச்சு. ஏன் வரலன்னு காலைலயே எங்கிட்டக் கேட்டாரு. நான் பாக்கல."

ஷர்மினி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் இப்பவே கிளம்பி அங்க..."

"வராதீங்கக்கா," என்றாள் பிரமிளா. "இப்ப வராதீங்க."