டேங்க் குறையவே இல்லை

எங்கள் வீட்டில் காலிப் பாத்திரம் என்று ஒன்று இருக்க முடியாது. பெரியத்தான் விடமாட்டார். கழுவிக் கவிழ்த்த சொம்பை நிமிர்த்தி நிரப்பி வைப்பார். துணி நனைக்க எடுத்து வைத்த வாளியில், நான் திரும்புவதற்குள் விளிம்புவரை தண்ணீர் நிற்கும். தூக்கினால் பாதி என் காலில். பூ இல்லாத பூச்சாடிக்கும் அதே கதிதான். என் கணவரின் அண்ணன் அவர். தீயணைப்பு நிலையத்தில் ஆயுள் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி தவறிய பிறகு எங்களோடு இருக்கிறார். தங்கமான மனிதர். ஆனால் தங்கமாகவே இருந்தாலும் நாள் முழுக்கத் தலையில் தூக்கிச் சுமந்தால் கழுத்து வலிக்காதா?

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இவ்வளவும் தெரிந்திருந்தும் என் மண்டையில் உறைக்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் எங்கள் செடிப்பண்ணை. பூச்செடிகளைச் சின்னத் தொட்டிகளில் வளர்த்துக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். பண்ணை ஊன்றி நிற்கும் வரை என் கணவர் தூர ஊர்களுக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் பாதி நாள் அவர் குரல்தான் இருக்கும், அதுவும் போனில். பண்ணை நாலு காசு பார்க்க ஆரம்பித்ததும்தான் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு வந்தார். அவர் வந்த ராசியோ என்னவோ, கிணறு இறங்க ஆரம்பித்தது. கிணறு கைவிட்டால் பண்ணை போகும். பண்ணை போனால் அவர் மறுபடி லாரி ஏறிவிடுவார். எனக்கு வேறு எந்தக் கவலையும் இல்லை, இது ஒன்றுதான். அவர் வீட்டில் இருக்க வேண்டும்.

அதற்காகத்தான் ஒற்றைக் காலில் நின்று அந்தப் புது மேஜைகளைப் போட வைத்தேன். ஹோஸ் பிடித்து ஊற்றிய காலத்தில் செடி குடித்ததைவிட நடைபாதை குடித்ததுதான் அதிகம். இந்த மேஜைகளில் அந்த வம்பே கிடையாது. ஓரம் உயர்ந்த பெரிய தட்டு மாதிரி இருக்கும். அதில் தொட்டிகளை வரிசையாக அடுக்கி வைக்க வேண்டும். தரைக்குள் புதைத்த டேங்கிலிருந்து மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும். மேஜையில் இரண்டு விரல் உயரம் நின்றதும் மோட்டாரை நிறுத்தி வால்வை மூடிவிடுவேன். தொட்டியின் அடியில் உள்ள ஓட்டை வழியாகச் செடி தனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு வால்வைத் திறந்தால் மிச்சத் தண்ணீர் முழுவதும் டேங்குக்கே திரும்பிவிடும். நாளைக்கும் அதே தண்ணீர்தான். செடிக்கான சத்தும் அதிலேயே கரைந்திருக்கும்.

தண்ணீர் மேஜையில் நிற்கும் நேரத்தில் நான் டீ போட உள்ளே போவேன். திரும்பி வந்து வால்வைத் திறப்பேன். எல்லாம் இறங்கி முடிந்ததும் டேங்க் மூடியைத் தூக்கிப் பார்ப்பேன். கழுத்து வரை ததும்பிக்கொண்டிருக்கும். எனக்குத் தலைகால் புரியவில்லை. கணவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். டேங்க் குறையவே இல்லை, பார்த்தீங்களா என்று கடைக்காரர்களிடம்கூடப் பீற்றிக்கொண்டேன். குடிக்கிற செடி இருக்கும்போது குறையாத டேங்க் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். பெருமை வந்து உட்கார்ந்தால் யோசனைக்கு ஏது இடம்.

கிணறு மட்டும் இறங்கிக்கொண்டே போனது. முன்பைவிட வேகமாக.

அதோடு செடிகள் வெளுத்தன. பச்சை என்று சொல்ல நாக்கு கூசியது. சத்து போதவில்லை போல என்று இன்னும் கொஞ்சம் கலந்தேன். இரண்டு நாள் நன்றாக இருக்கும், மறுபடி வெளுக்கும். என் கணவர் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். டேங்க் நிறைந்திருக்கிறது, கிணறு குறைகிறது, அப்படியென்றால் கிணற்றிலிருந்து டேங்குக்கு வரும் குழாய்தான் நடுவில் எங்கோ ஒழுகுகிறது என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்த கையோடு மண்வெட்டியை எடுத்தார்.

கிணற்றடியிலிருந்து வீட்டைச் சுற்றி, மேஜைகள் இருக்கும் ஷெட் வரை தோண்டினார். அவரோடு சேர்ந்து பெரியத்தானும் தோண்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தம்பி வெட்டிய மண்ணை அள்ளி அள்ளிப் போட்டார். வெயில் மண்டையைப் பிளந்தது. குழாயின் ஒவ்வொரு இணைப்பையும் துடைத்துப் பார்த்தார்கள். எல்லாம் சருகு மாதிரி காய்ந்து கிடந்தது. வீட்டைச் சுற்றி வாய் பிளந்த ஒரு பள்ளமும், என் கணவரின் உள்ளங்கை நிறையக் கொப்புளமும்தான் மிச்சம். வேலை முடிந்து வந்தவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். பெரியத்தான் குடித்துவிட்டு அந்தச் சொம்பை மறுபடி நிரப்பி வைத்தார்.

என் கணவருக்குப் பொறுமை போய்விட்டது. இந்த மேஜை வந்த நேரம் சரியில்லை என்றார். நான் சும்மா இருப்பேனா, குழாய் போட்டது யார் என்று கேட்டேன். பேச்சு வளர்ந்து, முடிவில் அவர் லாரி முதலாளிக்குப் போன் போட்டார். வியாழக்கிழமை காலை வண்டி எடுக்கிறேன் என்று என் எதிரிலேயே சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

செவ்வாய்க்கிழமை பின்தெரு டெய்லர் வாசலில் வந்து நின்றார். ஊருக்கெல்லாம் தண்ணீர் சேமிக்கச் சொல்லிப் பாடம் எடுக்கிறோமாம், தினமும் காலையில் அவர் கடை வாசலில் ஆறு ஓட விடுகிறோமாம். தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டில் சொட்டுத் தண்ணீர் வீணாவதில்லை, வேறு யாரையாவது போய்க் கேளுங்கள் என்று சண்டைக்கு நின்றேன். அவர் விரலை நீட்டினார். ஷெட்டின் பின்சுவரில் டேங்கின் உபரிக் குழாய் வாய் திறந்திருந்தது. டேங்க் நிரம்பி வழிந்தால் வெளியேறுவதற்காக வைத்தது. அதன் கீழே சுவரில் பாசி படர்ந்திருந்தது.

மறுநாள் காலை தண்ணீரை மேஜையில் ஏற்றினேன். வால்வை மூடினேன். டீ போடப் போவது போல் போய், உரமூட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். என் வீட்டு ஷெட்டில் நானே திருடி மாதிரி.

கொல்லைக் கதவு திறந்தது. பெரியத்தான் வந்தார். குளித்து, தலை வாரி, மணியம் பார்க்க வந்தவர் மாதிரி. நேராக டேங்க் பக்கம் போய் மூடியைத் தூக்கினார். உள்ளே எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினார். பிறகு கிணற்றுக் குழாயின் வால்வைத் திறந்துவிட்டார். வீட்டுக்குத் தண்ணீர் ஏற்றுவதற்காகக் கிணற்று மோட்டார் எப்படியும் அந்நேரம் ஓடும். சத்தத்தில் எனக்கு வித்தியாசமே தெரிந்ததில்லை. டேங்கில் தண்ணீர் விழ விழ, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

டேங்கில் இருக்க வேண்டிய தண்ணீர் மேஜையில் ஏறி நிற்கிறது. இவர் அந்த இடத்தைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்புகிறார். பிறகு நான் வந்து வால்வைத் திறக்கிறேன். திரும்பி வருகிற தண்ணீருக்கு உள்ளே இடமே இல்லை. நான் கலந்த சத்தெல்லாம் டெய்லர் கடை வாசலுக்குப் போகிறது. தினமும்.

"பெரியத்தான்," என்றேன்.

அவர் திடுக்கிடவில்லை. நல்ல காரியம் செய்யும்போது யாரோ பார்த்துவிட்ட கூச்சம்தான் முகத்தில். "நல்ல வேளைம்மா, நான் கவனிச்சேன். இந்த டேங்க் தினமும் காலியாயிடுது. உனக்கு ஏற்கெனவே தலைக்கு மேல வேலை. அதான் உங்கிட்ட சொல்லல."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. முதலில் போய் வால்வை மூடினேன். பிறகு ஆரம்பித்தேன். மேஜையைக் காட்டி, குழாயைக் காட்டி, பின்சுவரைக் காட்டி, நாலு வீடு கேட்கிற மாதிரி விளக்கினேன். டேங்க் காலியாக இருந்தால்தான் தண்ணீர் திரும்பி வர முடியும் என்பதையே பத்து விதமாகச் சொல்லியிருப்பேன். அவர் மேஜையையும் டேங்கையும் மாறி மாறிப் பார்த்தார். மெல்ல மெல்ல அவருக்குப் புரிந்தது. புரியப் புரிய முகம் விழுந்துகொண்டே போனது.

"அப்ப அவன் தோண்டினது?"

"வீண்தான்."

"செடி வெளுத்தது?"

"உங்களாலதான்."

"அவன் லாரிக்குப் போறது?"

அவர் டேங்க் மூடியை மெதுவாக இறக்கி வைத்தார்.

"ஒரு தடவை பாதி டேங்கோட வண்டியை எடுத்துட்டுப் போயிட்டோம்மா," என்றார். "நெருப்பு எரிஞ்ச இடத்துக்குப் போய்ச் சேர்ந்தப்பதான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் காலியா எதைப் பார்த்தாலும் என்னால நிக்க முடியல."

என்ன நெருப்பு, யார் இருந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. திட்டுவதற்கென்று இன்னும் ஒரு மூட்டை வைத்திருந்தேன். அதை அப்படியே விழுங்க வேண்டியதாயிற்று. அந்த எரிச்சல் இருக்கிறதே, சொல்லி மாளாது. திட்டவும் முடியாத மனிதரை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

என் கணவருக்குத் தெரிந்தால் வீடு ரெண்டாகும் என்று பயந்தேன். ஆகவே பெரியத்தானிடம் வாயைத் திறக்காதீர்கள் என்றேன். டேங்க் பக்கத்தில் ஒரு இணைப்பு ஒழுகியது, சரி செய்துவிட்டேன் என்று நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பி டீயைக் கொண்டுபோய் என் கணவர் முன்னால் வைத்து, ஒழுகல் கிடைச்சிடுச்சுங்க என்று வாயெடுத்தேன். பெரியத்தான் விறைப்பாக எழுந்து நின்றார், மேலதிகாரி முன்னால் நிற்பது போல.

"ஒழுகல் எதுவும் இல்லப்பா. நான்தான்," என்றார். ஒன்று விடாமல் சொன்னார்.

என் கணவர் டீயைக் கீழே வைத்தார். உள்ளங்கையை விரித்துக் கொப்புளங்களைப் பார்த்தார்.

"ஏண்ணே, என்கூட சேர்ந்து நீயும்தானே தோண்டினே?"

"நீ தனியா தோண்டிட்டு இருந்தியேப்பா."

என் கணவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. எழுந்து போய்ப் பையை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தார். கிணறு இறங்கியது இறங்கியதுதான், அது ஏறுகிற வரை வீட்டுக்கு ஒரு வருமானம் வேண்டும், முதலாளியிடம் வாக்கும் கொடுத்தாயிற்று என்றார். வீணாய்ப் போவது நின்றால் கிணறு தானாக ஊறிவிடும் என்று தொண்டைத்தண்ணி வற்றச் சொன்னேன். அவருக்கும் அது தெரியும். போக மனமில்லை என்பதும் எனக்குத் தெரியும். கொடுத்த வாக்கு, பட்ட ரோஷம், இரண்டையும் தூக்கி எங்கே வைப்பது என்று தெரியாமல் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். என்ன குடும்பமடா இது என்று இருந்தது.

வியாழன் காலை ஷெட்டுக்குப் போனால் எனக்கு முன்னால் பெரியத்தான் அங்கே இருந்தார். கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து, டேங்கின் மூடியைத் திறந்து வைத்திருந்தார். கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் கொடுத்திருந்தார். நான் தண்ணீரை மேஜைக்கு ஏற்றினேன். டேங்க் இறங்க இறங்க அவர் கால் ஆட ஆரம்பித்தது. கடைசியில் அடித்தரை தெரிந்தபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். எனக்கே பாவமாக இருந்தது. டீ போடப் போகாமல் பக்கத்திலேயே நின்றேன்.

பிறகு வால்வைத் திறந்தேன். குபுகுபுவென்று தண்ணீர் உள்ளே வந்தது. அவர் கண்ணைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"எத்தனையோ வருஷம் தண்ணி அடிச்சிருக்கேன். போன தண்ணி திரும்பி வந்து பார்த்ததே இல்லம்மா."

இறங்கி முடிந்ததும் டேங்குக்குள் கையை விட்டு அளந்தார். நாலு விரல் குறைகிறது என்றார். அது செடி குடித்தது என்றேன். குடிக்கட்டும் குடிக்கட்டும் என்றவர், கொஞ்சம் தயங்கி, அந்த நாலு விரலை மட்டுமாவது ஊற்றலாமா என்று கேட்டார். ஊற்றத்தான் வேண்டும், இனி தினமும் தண்ணீர் திரும்பிய பிறகு அது உங்கள் வேலை என்றேன். அவர் வால்வைத் திறந்த பவிசைப் பார்க்க வேண்டுமே.

வீட்டுக்குள் என் கணவரின் குரல் உயர்ந்தது. ஓடினேன். இடுப்பில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். கட்டில் மேல் பை இருந்தது, ஜிப் திறந்து, உள்ளே ஒன்றுமில்லாமல், தட்டையாக. சட்டை, பேண்ட், லுங்கி ஒன்றுகூட இல்லை. கொல்லையில் எல்லாம் பெரிய வாளியில் சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. வாளி விளிம்புவரை நிறைந்திருந்தது.

பெரியத்தான் ஈரக்கையைத் துடைத்தபடி பின்னால் வந்து நின்றார். "அழுக்கா இருந்துச்சுப்பா," என்றார்.

என் கணவர் பையைப் பார்த்தார். இந்த வீட்டில் அண்ணன் கையால் காலியான ஒரே சாமான் அதுதான் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

"எப்பண்ணே காயும்?"

பெரியத்தான் அண்ணாந்து பார்த்தார். மேகம் என்று பெயருக்குக்கூட ஒன்றில்லை. வெயில் அப்போதே சுள்ளென்று அடித்தது. பிழிந்து போட்டால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் மொறமொறவென்று காய்ந்துவிடும்.

"ரெண்டு மூணு நாள் ஆகும்ப்பா," என்றார்.

என் கணவரும் அண்ணாந்து அதே வானத்தைப் பார்த்தார். பிறகு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனை எடுத்தார். முதலாளியிடம் இந்த வாரம் வண்டிக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொன்னார். என்னப்பா ஆச்சு என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும்.

"துணி காயலங்க," என்றார் என் கணவர்.