மிதவைக்குள் ஈயம்

கடலில் மிதக்க வேண்டிய பொருள் பூந்தமல்லிக்குப் பக்கத்தில், குமணன்சாவடியில் நிற்கிறது என்று கம்ப்யூட்டர் காட்டினால் யார்தான் நம்புவார்கள்? மெஹக் நம்பவில்லை. அம்பத்தூர் மண்ணூர்பேட்டையில், பல்சக்கரம் செய்யும் பட்டறை ஒன்றின் மேல்மாடியில் நடந்த பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்தவள் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவளுடைய மிதவை பழவேற்காடு வரை ஒழுங்காக வந்து, அங்கே யாருடைய வலையிலோ மாட்டி, லாரி ஏறி, பரந்தாமனின் காயலான் கடைக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. பூந்தமல்லியில் பிறந்தவளுக்கு அந்தக் கடை தெரியாதா என்ன?

கடலே இல்லாத அம்பத்தூரில் கடல் பாடமா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். ஆராய்ச்சிக்குள் புதிதாகக் காலெடுத்து வைத்த பிள்ளைகளுக்கு வனஜா மேடம் அங்கே சொல்லிக்கொடுத்தது இதுதான்: பாம்பன் பக்கம் பொரிந்த நண்டுக் குஞ்சு நீரோட்டத்தோடு போய்ப் பழவேற்காட்டில் வளரலாம். அப்படியிருக்க, ஓர் இடத்தைக் காப்பாற்றி மற்றதை நாசமாக விட்டால் இரண்டும் போகும். எந்தக் கரைக்கு எந்தக் கரையோடு உறவு என்று தெரிந்துகொள்ளத்தான் மிதவை. ஆளுக்கொன்று தங்கள் கையாலேயே செய்து பாம்பனில் விட்டிருந்தார்கள். தடித்த பிளாஸ்டிக் குழாய், உள்ளே லித்தியம் பேட்டரி, இருக்கும் இடத்தைச் சொல்லும் கருவி, அடியில் பாரம். பாரம் இருந்தால்தான் காற்று தள்ளாது, நீரோட்டம் இழுத்துப் போகும்.

பாரத்துக்குச் சிமென்ட்டு மட்டும்தான் என்பது மேடத்தின் கட்டளை. "எவன் கையில கிடைச்சாலும், இதை உடைச்சா ஒண்ணும் தேறாதுன்னு அவனுக்குத் தெரியணும். கடலுக்குப் போற சாமான்ல விலை போற பொருள் இருக்கவே கூடாது," என்று படித்துப் படித்துச் சொன்னார்.

மெஹக் கேட்டாளா? அவள் ஊற்றிய சிமென்ட்டு ஒருபக்கமாகச் சரிந்து, மிதவை தொட்டித் தண்ணீரில் கோணிக்கொண்டு நின்றது. அண்ணன் மஸூத் பழைய இரும்பு வியாபாரி. "இன்னா கண்ணு, இதுக்கா அழுவுறே?" என்று ஈயத்தை உருக்கி, குழாய்க்குக் கச்சிதமாக வார்த்துக் கொடுத்துவிட்டான். மிதவை நட்டுவைத்த கம்பமாக நேரே நின்றது. உள்ளே இருப்பது தெரியாமல் மேடம் பாராட்டினார். அடுத்த மாதம் போகிற ஆராய்ச்சிக் கப்பலில் மெஹக்குக்கு இடமும் கொடுத்தார். அன்று வீட்டில் பிரியாணி.

இப்போது மேடத்திடம் சொன்னால் ஈய விஷயம் வெளியே வரும், கப்பலில் கிடைத்த இடம் போய்விடும். சும்மா இருந்தாலோ, அதைவிட மோசம். குழாயைக் கையில் தூக்கியதுமே பரந்தாமனுக்கு ஈயக் கனம் தெரிந்துவிடும். சம்மட்டியால் பிளக்கச் சொல்வான். பேட்டரி நசுங்கினால் மூடிய குழாய் வெடிகுண்டுதான், பிளக்கிறவன் உயிர் தப்பாது. மெஹக் படியில் இறங்கி ஓடிவந்து அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"மேடம்கிட்ட மூச்சு உடாதே," என்றான் மஸூத். "என் ஈயத்தால உன் கப்பல் போவணுமா? நான் போய் எட்த்துகினு வந்துர்றேன்."

"உனக்கும் அந்த ஆளுக்கும் ஆகாதேண்ணே. நானும் வரேன்."

"சரி, வா. ரெண்டு நல்ல வார்த்த பேசி வாங்கிகினு வந்துரலாம்."

நல்ல வார்த்தையாம்! போன வருஷம் செம்புக் கம்பித் தகராறில் பரந்தாமனின் முன்பல்லை உடைத்தவனே இவன்தான். அவன் போய் நல்ல வார்த்தை பேச, பரந்தாமன் கேட்டுக்கொள்ள வேண்டுமாம். அண்ணனுக்கும் தங்கைக்கும் புத்தி அன்றைக்கு எங்கே போனதோ.

உச்சிவெயிலில் இருவரும் பைக்கில் வந்து கடைக்குள் நுழைந்தபோது, முனியன் என்ற உடைக்கிற ஆள் ஆரஞ்சு நிறக் குழாயைக் கல்மேல் வைத்துவிட்டுச் சம்மட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தான். பரந்தாமன் நாற்காலியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"ஐயோ, உடைக்காதீங்க! வெடிச்சிரும்!" என்று மெஹக் அலறினாள்.

பரந்தாமன் மஸூத்தைப் பார்த்து, இல்லாத பல்லின் சந்து தெரியச் சிரித்தான். "வா நைனா, பல்லு டாக்டரு. தங்கச்சியையும் இட்டாந்துட்டியா? வெடிக்கும்னு பயங்காட்டி எட்த்துகினு போலாம்னு பாக்குறியா? அவ்ளோ சரக்கு கீதா உள்ளே? முனியா, போட்றா."

சம்மட்டி இறங்கியது. குழாய் பிளக்கவில்லை, நெளிந்தது. அதற்குள் மஸூத் பாய்ந்து பரந்தாமனின் வாயிலேயே குத்தினான். டீ கிளாஸ் உடைந்து இருவர் காலடியிலும் சிதறியது. கடையின் உள்ளிருந்து இரண்டு பேர் ஓடிவந்தார்கள். ஒருவன் இரும்புக் கம்பியால் மஸூத்தின் தோளில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் மெஹக்குக்குக் கேட்டது. இன்னொருவன் சைக்கிள் செயினைக் கையில் சுற்றிக்கொண்டு முகத்தில் விளாசினான். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்க, மஸூத் கண் தெரியாமலே எதிரில் கிடைத்தவன் கழுத்தைப் பிடித்துத் தகரக் குவியலில் மோதினான். விழுந்தவன் கையைத் தகரம் அறுத்தது. பரந்தாமன் எழுந்து வந்து மஸூத்தின் விலாவில் மிதித்தான், மிதித்துக்கொண்டே இருந்தான்.

மெஹக் அண்ணனிடம் ஓடவில்லை. ஓடத்தான் மனம் அடித்துக்கொண்டது, ஆனால் முனியன் இரண்டாவது அடிக்குச் சம்மட்டியை ஓங்கிவிட்டான். அவள் அதன் காம்பைப் பிடித்துத் தொங்கினாள். அவன் முழங்கையால் அவள் மூக்கில் இடித்தான். வாயெல்லாம் ரத்தம். அவள் விடவில்லை, அவன் மணிக்கட்டைப் பல் பதியக் கடித்தாள்.

"பைத்தியமா நீ!" என்று அவன் அவளை உதறித் தள்ளிவிட்டு, சம்மட்டியை ஓங்கி இறக்கினான்.

குழாய் விரிந்தது. உள்ளிருந்து உஸ்ஸென்று ஒரு சத்தம், பிறகு வெள்ளைப் புகை. இதென்னடா என்று முனியன் குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனான்.

"அண்ணே! பேட்டரி!" என்று மெஹக் கத்தியது நெடுஞ்சாலை வரைக்கும் கேட்டிருக்கும்.

மிதிபட்டுக் கிடந்த மஸூத் எப்படி எழுந்தானோ தெரியாது. பரந்தாமனைத் தள்ளிவிட்டு ஓடிவந்து, முனியனைக் காலால் உதைத்து உருட்டினான். ஒரு தோள் தொங்கிக் கிடந்ததால் ஒற்றைக் கையால் குழாயை வாரி, ஆளில்லாத சுவர்ப்பக்கம் வீசினான். கையை விட்டுக் கிளம்பும்போதே அது வெடித்தது.

சத்தம் அடங்கியபோது யாரும் யாரையும் அடிக்கவில்லை. பரந்தாமன் காதைப் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தான். முனியன் தன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தான், முகம் இருந்தது. மஸூத்தின் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். மெஹக் துப்பட்டாவை அந்தக் கையில் சுற்றி இறுக்க இறுக்க, அது நனைந்துகொண்டே போனது. யா அல்லா, யா அல்லா என்பதைத் தவிர அவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டு வந்தது முனியன்தான்.

செய்தி கேட்டுச் சாயங்காலம் வனஜா மேடம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மஸூத்தின் கட்டைப் பார்த்தார், மெஹக்கின் வீங்கிய மூக்கைப் பார்த்தார். குரலை உயர்த்தாமல் கேட்டார். "சிமென்ட்டை உடைக்க எவனும் சம்மட்டி எடுக்க மாட்டானே. உள்ள என்ன வெச்சே?"

மெஹக் வாய் திறக்கும் முன்பே மஸூத் தலையைத் தூக்கினான். "சிமென்ட்டுதான் மேடம். சத்தியமா. நான் கண்ணால பாத்தேன். அவன் ஒரு முட்டாளு, தெரியாம ஒட்ச்சிட்டான்."

அவன் பேசும்போது அந்தக் கட்டுப் போட்ட கை போர்வைமேல் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு பொய்யை விழுங்க மெஹக்கால் முடியவில்லை.

"ஈயம், மேடம்," என்றாள். "நான்தான் வெச்சேன். நீங்க சொல்லியும் கேக்கல. கம்ப்யூட்டர்ல புள்ளி அந்தக் கடையில நின்னதும் உங்ககிட்ட சொல்லியிருக்கணும், கப்பல் போயிடும்னு மறைச்சேன்."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "கப்பல்ல உனக்கு இடம் இல்ல, மெஹக். உடைஞ்ச துண்டெல்லாம் பொறுக்கி எடுத்துக்கிட்டுத் திங்கக்கிழமை வகுப்புக்கு வா. என்ன நடந்ததுன்னு எல்லாருக்கும் நீயே சொல்லணும்," என்று சொல்லிவிட்டு, மஸூத்தின் போர்வையைக் காலடியில் சரிசெய்துவிட்டுப் போனார்.

தோள் முறிந்தபோதும், விரல் போனபோதும், தையல் போடும்போதும் கண்ணில் ஒரு சொட்டு விடாத மனிதன் மஸூத். இப்போது உதடு கோணியது.

"ஏன்டி சொன்னே?" என்று விம்மினான். "வெரலும் போயி, உன் கப்பலும் போச்சேடி."