மாதாவுக்குச் சேலை கட்டுகிறவள்

அம்பத்தெட்டாம் வருசத்துக்கு முன்னால பதினோரு வருசமா எங்க பங்குக் கோயில் மாதாவுக்குச் சேலை கட்டிட்டிருந்தது நான்தான். ஆகஸ்டு பதினஞ்சு, தேரன்னிக்குக் காலையில கதவைச் சாத்திக்கிட்டு ஒருத்தியா நின்னு கட்டுவேன். கூட யாரையும் உடமாட்டேன். அதுக்குக் காரணம் இருந்துச்சு, சொல்றேன்.

தேர் நகர்றதுக்கு முன்னால ஒரு சின்னப்புள்ள றெக்கை வெச்சுச் சம்மனசு வேசம் போட்டு, ஏணியில ஏறி மாதா தலையில முடி, அதான் கிரீடம், வெக்கோணும். பத்து வயசுக்குள்ள இருக்கோணும், ஒடம்புல ஒரு பழுது இருக்கக் கூடாது. கோயில் காரியம் பாக்கிற உபதேசியார் மிக்கேல், சந்தையில மாட்டுக்குப் பல்லுப் பாக்கிற மாதிரி ஒவ்வொரு புள்ளையாப் பாத்துத்தான் எடுப்பாரு. அம்பத்தெட்டுல எம்மக ரோசியை எடுத்தாரு. வெள்ளைக் கவுனு தெச்சாச்சு. வைகாசியில அவளுக்குப் பெரியம்மை வந்துச்சு.

பொழச்சுக்கிட்டா. மூஞ்சி பூராத் தழும்பு.

தேருக்கு நாலு நாள் இருக்கையில உபதேசியார் ஊட்டுக்கு வந்தாரு. "கவுனைக் குடும்மா தெரசம்மா, இன்பமேரிக்கு அளவு பாக்கோணும்"னாரு.

"ஏனுங்க, எம்புள்ள என்ன தப்புப் பண்ணுச்சு?"

"தப்பில்லம்மா. மாசில்லாத மாதாவைத் தொடுற புள்ள மாசில்லாம இருக்கோணும். ஆத்துமாவோட வெளிச்சந்தான் அழகு. சனத்துக்கு அந்த மூஞ்சியில மோட்சம் தெரியோணுமல்ல? வேணும்னா முக்காடு போட்டு மூடிக் கூட்டியா, பாக்கலாம்."

கதவோரம் நின்னு கேட்டுட்டிருந்த ரோசி, அவளே கவுனை எடுத்தாந்து அவரு கையில குடுத்தா. "மூடிக்கிட்டு வரமாட்டேனுங்க"ன்னா. அம்மை தின்னது தோலை. பொய் சொல்லத் தெரியாத எட்டு வயசுப் புள்ளகிட்ட மாசு எங்கிருந்து வந்துச்சாம்?

"அப்பச் சேலையும் நீங்களே ஆள் வெச்சுக் கட்டிக்குங்க"ன்னுட்டேன்.

"சேலை கட்டவா ஆளில்ல?"ன்னு சிரிச்சுட்டே போனாரு.

தேரன்னிக்குக் காலையில மணியடிக்கிற கோயில்பிள்ளை சவரிராயன் மூச்சு வாங்க ஓடியாந்தான். உபதேசியார் கையோட கூட்டியாரச் சொன்னாராம். ரோசியைக் கையில புடிச்சுக்கிட்டுப் போனேன்.

பழைய சேலையை அவுத்துப் போட்டிருந்தாங்க. நம்ம மாதா மரச்செலை. சனம் பாக்கிற மூஞ்சியும் கையுந்தான் வர்ணம். சேலைக்குள்ள தோள்லருந்து முழங்கால் வரைக்கும் கரையான் அரிச்ச ஓட்டை. எடது கை தோள்ல ஒத்தை ஆணியில நிக்கிது, அதை எப்பிடிப் புடிக்கோணும்னு எனக்குத்தான் தெரியும். தெரியாதவங்க இழுத்ததுல அந்தக் கை கழண்டு உபதேசியார் மடியில கெடந்துச்சு.

"இத்தனை வருசமா எங்கிட்டச் சொல்லலியேம்மா"ன்னாரு.

"சொன்னா வேற செலை வாங்கிட்டு இவங்களை மூலையில போட்டிருப்பீங்க. இந்த ஒடம்பு முன்னாலதானுங்க நீங்க தெனமும் மண்டி போட்டீங்க? பழுதுள்ளது ஆகாதுன்னா மொதல்ல இவங்களை எறக்குங்க. அப்பறம் எம்மகளைச் சொல்லுங்க."

வெளிய பேண்டு வாசிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அவரு செலையைப் பாத்தாரு, ரோசியைப் பாத்தாரு. "சரி, அவளே முடி வெக்கட்டும். முக்காடு மட்டும்..."

"முக்காடு போட்டா நான் சேலை கட்டமாட்டேனுங்க."

அவரு அந்தக் கையை எடுத்து எங்கிட்டக் குடுத்துட்டு வெளிய போனாரு. செயிச்சுட்டேன்னு எனக்கு ஒரே தெம்பு. கையை ஆணியில மாட்டி, புதுச்சேலையை எப்பவும் போல ஓட்டை தெரியாம இழுத்து இழுத்துச் சுத்தினேன். ரோசி பாத்துக்கிட்டே இருந்தா.

"மாதாவை மட்டும் ஏம்மா மூடுறீங்க?"ன்னு கேட்டா.

பதினோரு வருசம் நான் செஞ்சதும் அந்த மனுசன் செய்யச் சொன்னதும் ஒண்ணுதானே? வெக்கமாப் போச்சு. சுத்தின சேலையை அவுத்துட்டு மறுக்காக் கட்டினேன்.

அந்த வருசம் ரோசி சாதாப் பாவாடையில, மூஞ்சியை மூடாம ஏணியில ஏறி முடி வெச்சா. மாதாவோட எடது தோளு, கரையான் ஓட்டையும் துரு ஆணியுமா வெயில்ல தெரிஞ்சுது. தேரு எல்லாத் தெருவும் சுத்தி வந்துச்சு.