இடது கைக்குத் தெரியாமல்

1

இந்தக் கதை ஒரு நாற்காலிக்கு அடியில் கிடைத்தது.

ஒரு மிஷன் நடத்திய இலவசக் கண் பரிசோதனை முகாமில் என் முறைக்காகக் காத்திருந்தேன். வெயில் நகர்ந்து நகர்ந்து மடிக்கு வந்துவிட்டது. நிழலுக்குப் போகலாமென்று பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துத் தூக்கினேன். அடிப்பக்கத்தில், தயாரிப்பாளரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், அதைச் சுரண்டியெடுத்த தழும்பு. ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கூட விட்டிருந்தார்கள். திருடியவனுக்கு இவ்வளவு பொறுமை இருக்காது. பக்கத்து நாற்காலியையும் புரட்டிப் பார்த்தேன். அதே அச்சு, அதே நீலம். ஆனால் அதில் ஒரு பெண்ணின் பெயர் பளிச்சென்று இருந்தது. (இந்த இரண்டாவது நாற்காலியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) கண் தெரியவில்லை என்று வந்த ஆள் நாற்காலிக்கு அடியில் எதைப் படிக்கிறார் என்று செவிலியர் கேட்டார்.

அதே வாரம் அந்த மிஷனின் ஆண்டு மலர் ஆசிரியர் என்னிடம் கதை கேட்டார். ஒரு தொழிலதிபர் கிறிஸ்தவராக மனம் திரும்பி மிஷன் ஊழியத்துக்கு வாரி வழங்கியதைப் பற்றி இருக்க வேண்டும். "நெகிழ்ச்சியா இருக்கணும் சார். சிரிப்பு வேண்டாம்" என்றார். இரண்டுக்கும் தலையாட்டினேன்.

நாற்காலிகள் நிஜம். மனிதர்களை நான்தான் உட்கார வைத்தேன்.

2

முதல் தொடக்கம்: "மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த தொழிலதிபரின் காதில், எங்கிருந்தோ ஒரு பாடல் தேனாக வந்து"

வேண்டாம். எல்லாத் தொழிலதிபர்களும் அந்தக் கட்டிலில்தான் மனம் திரும்புகிறார்கள். அடுத்தவருக்கு இடம் விடுவோம்.

இரண்டாம் தொடக்கம்: "வானத்தை மின்னல் கிழித்த அந்தக் கணத்தில், லாபத்தையே தெய்வமாக"

மின்னலுக்கு வேறு வேலை இருக்கிறது.

மூன்றாவது இது. பிளாஸ்டிக் நாற்காலி செய்கிற முதலாளி ஒருவர், தன் தொழிலாளியின் கல்யாணத்துக்காகத் தேவாலயத்துக்குப் போயிருந்தார். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். போட்டிருந்தது அவருடைய நாற்காலிதான். புதுச் சரக்கோடு உடைந்த வாளி, குடங்களை உருக்கிக் கலந்து செய்த ரகம். போதகர் ஜெபிக்க, எல்லோரும் கண்ணை மூடியிருந்த நேரத்தில், அதன் முன்கால்கள் இரண்டும் சத்தமில்லாமல் மடங்கின. முதலாளி முன்பக்கமாகச் சரிந்து நேராக முழங்காலில் போய் நின்றார்.

கண்ணைத் திறந்து பார்த்த பக்கத்து வரிசைப் பெரியவர் விஷயத்தை வேறு மாதிரி புரிந்துகொண்டார். தானும் கீழே இறங்கி மண்டியிட்டு, முதலாளியின் தோளில் கையை வைத்தார். "பரவாயில்லப்பா. எல்லாருக்கும் ஒரு நாள் இப்படித்தான்" என்றார்.

கால் ஏன் மடங்கியது என்று அந்தக் கட்டடத்திலேயே முதலாளி ஒருவருக்குத்தான் தெரியும். தெரிந்த தப்பு காலடியில் கிடக்கிறது, தெரியாத மனிதரின் கை தோளில் கிடக்கிறது. ஜெபம் முடிந்தது. பாட்டும் முடிந்தது. அவருக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை.

(மலர் ஆசிரியர் இந்த இடத்தில் ஒரு பரலோகக் குரலைச் சேர்க்கச் சொன்னார். பெரியவரின் குரலே போதும் என்று விட்டுவிட்டேன்.)

பழைய பிளாஸ்டிக் கலப்பதை அந்த வாரமே நிறுத்தினார். தேவாலயத்துக்குத் தவறாமல் போனார். சில மாதங்களில் ஞானஸ்நானமும் எடுத்தார். அவர் மனைவி தடுக்கவில்லை. "நாற்காலி உடைஞ்சா மாத்திக் கேட்டு வருவாங்க. மனுஷனே மாறி வந்தது எங்க வீட்டுலதான்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

3

இப்போது இரண்டு கைகளை அறிமுகப்படுத்த வேண்டும்.

தொழிற்சாலையின் மேலாளரை முதலாளி எல்லோரிடமும் "இவர்தான் என் வலது கை" என்று சொல்லிச் சொல்லி, அந்த மனிதருக்கு வலது கை என்றே பெயர் விழுந்துவிட்டது. முதலாளி மனைவியின் தம்பியும் அங்கேதான் கிடங்கைப் பார்த்துக்கொண்டார். அவர் இடக்கையால் கையெழுத்துப் போடுகிறவர். ஆகவே அவருக்கு என்ன பெயர் கிடைத்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தொழிற்சாலையில் பாதிப் பங்கு அவருடையது. தொடங்கியதே அவருடைய அப்பாவின் பணத்தில்தான். அதனால்தான் நாற்காலிக்கு அடியில் மகளின் பெயர், அதாவது முதலாளியின் மனைவியின் பெயர். பாதிப் பங்குக்காரரை டீக்கடைக்காரர்கூட இடது கை என்று கூப்பிடுவது எப்படி இருக்கும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர், கொடுக்கிறவன் ரகசியமாகக் கொடுக்க வேண்டும், வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று பிரசங்கம் செய்தார்.

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் தொழிற்சாலையைப் பற்றி இவ்வளவு துல்லியமாக வேதப் புத்தகத்தில் எழுதியிருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் வலது கையைத் தனியாகக் கூப்பிட்டார். மலைப்பக்கத்தில் மிஷன் புதிதாகத் திறக்கும் சபைகளில் ஜனங்கள் தரையில் உட்காருகிறார்கள். வாரா வாரம் ஒரு வண்டி நாற்காலி போக வேண்டும் என்றார்.

"சரிங்க. சின்ன முதலாளிகிட்ட ஒரு வார்த்தை?"

"அவனுக்குத் தெரியவே கூடாது."

"ஏங்க?"

"பேர் சொல்லியே போட்டிருக்கு."

அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: போதகரிடம் அர்த்தம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் கொடுப்பது அவருக்குத் தெரிந்துபோகும். முதலாளி அந்த அளவுக்கு யோசித்திருந்தார். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

4

பெயரைச் சுரண்டும் யோசனை வலது கையுடையது. நாற்காலியைக் கவிழ்த்தால் யார் கொடுத்தது என்று தெரிந்துவிடுமே? எனவே ஞாயிற்றுக்கிழமைகளில், ஆளில்லாத தொழிற்சாலையின் பின்கட்டில், நாற்காலிகளைக் கவிழ்த்துப் போட்டு இயந்திரத்தால் பெயரை ராவி, உப்புத்தாளால் மழுக்கி, வண்டியில் ஏற்றினார். கொடையை மறைக்க இதைவிட நல்ல வழி இல்லை. திருட்டை மறைக்கவும் இதைவிட நல்ல வழி இல்லை.

தண்ணீர் மோட்டாரை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் ஒரு ஞாயிறு தொழிற்சாலைக்கு வந்த இடது கை, சுவரோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

இங்கே நான் எழுதியிருந்த வாக்கியம்: "இடது கையின் உதட்டில் குரூரமான ஒரு புன்னகை". அதை எடுத்துவிட்டேன். அந்த மனிதருக்குப் புன்னகை வந்திருக்காது. லீவு நாளில் மோட்டாரை நினைத்து ஓடிவருகிறவர் வில்லன் இல்லை. உண்மையில், இந்தக் கதையில் யாரிடமும் எதையும் மறைக்காத ஒரே ஆள் அவர்தான்.

திங்கள் காலையில் முதலாளியின் அறைக்கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"அத்தான், உங்க வலது கை திருடுது."

முதலாளி பழைய ஆளாக இருந்தால், கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் நாலு பொய் சொல்லி அனுப்பியிருப்பார். இப்போது பொய் சொல்லக் கூடாது. உண்மையையும் சொல்லக் கூடாது. மிச்சமிருந்த ஒரே வார்த்தையைச் சொன்னார்:

"பாக்கலாம்."

"நான் பாத்துட்டேன் அத்தான். அக்கா பேரைச் சுரண்டுறான். நாளைக்குக் காலைல எல்லார் முன்னாடியும் நிக்க வச்சுக் கேக்கப் போறேன். பதில் இல்லன்னா போலீஸ்தான்."

சாயங்காலம் வலது கை வந்து நின்றார். காதுக்குப் போயிருந்தது. நாற்காலி வார்க்கும் இயந்திரம் ஒன்றே ஒன்றாக இருந்த காலத்திலிருந்து அங்கே இருக்கிறவர். உட்காரச் சொன்னார் முதலாளி. அவர் உட்காரவில்லை.

"நான் வாயத் திறக்க மாட்டேங்க. வாக்கு கொடுத்துட்டேன். ஆனா நீங்களும் திறக்கலன்னா, நாளைலேர்ந்து நான் திருடன். அத மட்டும் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

5

மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில், முதலாளி மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவர் முதலில் கேட்டது தம்பியைப் பற்றி இல்லை, வலது கையைப் பற்றியும் இல்லை.

"யார் பேரைச் சுரண்டினீங்க?"

முதலாளி தட்டைப் பார்த்தார்.

"அது இருக்கட்டும். போதகர் சொன்னது, இதோ உங்க தோள்ல தொங்குதே, இந்தக் கை ரெண்டையும். என் தம்பிய இல்ல."

முதலாளி தன் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துப் பார்த்தார். நிஜமாகவே அவரிடம் இரண்டு கைகள் இருந்தன.

"அப்படின்னா யாருக்குமே தெரியக் கூடாதா?" என்றார் பயந்துபோய். விளக்கம் கிடைத்ததில் சிக்கல் இறுகிவிட்டது. தொழிலாளர்கள் முன்னால் எழுந்து "நான்தான் மிஷனுக்குக் கொடுத்தேன்" என்றால், தன் கொடைக்குத் தானே மேளம் அடித்த மாதிரி. சொல்லாவிட்டால் ஒரு நல்ல மனிதர் திருடன்.

மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டே, "கொடுத்ததுல பாதி அவனுது. அவன்கிட்டக் கேட்டீங்களா?" என்றார்.

6

மலர் ஆசிரியர் விரும்பும் முடிவு: முதலாளி எழுந்து உண்மையைச் சொல்கிறார். தொழிலாளர்கள் விம்முகிறார்கள். இடது கை ஓடிவந்து காலில் விழுந்து, கண்ணீர் தாரை தாரையாக

அந்த வாக்கியத்துக்கு மேல் பேனா நகரவில்லை. என்னால் முடிந்தது இவ்வளவுதான்:

தொழிலாளர்கள் கூடியிருந்தார்கள். நடுவில் சுரண்டிய நாற்காலி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. வலது கை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இடது கை வாயைத் திறப்பதற்குள் முதலாளி முன்னால் வந்தார்.

"இவர் எடுக்கல. நான்தான் திருடினேன்."

யாரோ சிரித்தார்கள். சொந்தத் தொழிற்சாலையில் எப்படித் திருடுவது?

"பாதி என் மச்சினனோடது. அவன்கிட்டக் கேக்காம எடுத்தேன். அதுக்குப் பேரு அதுதான்."

கொடுத்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. வலது கை நிமிர்ந்தார். இடது கை குனிந்து, தன் அக்காவின் பெயர் இருந்த தழும்பை இடக்கை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நாற்காலியை நிமிர்த்திப் போட்டு, அதில் உட்கார்ந்தார். அது தாங்கியது.

"எங்க கொண்டுபோனீங்க அத்தான்?" என்றார்.

இத்துடன் நான் வெளியே வந்துவிடுகிறேன். முதலாளி பதில் சொன்னாரா, மச்சினனின் காதில் மட்டும் சொன்னாரா, மறுபடியும் "பாக்கலாம்" என்றாரா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டாவது நாற்காலி மட்டும் என்னை விடவில்லை. சுரண்டப்படாமல், அந்த அம்மாளின் பெயரோடு, அதுவும் அதே முகாமுக்கு வந்து சேர்ந்திருந்தது. அதை ஏற்றி அனுப்பியது எந்தக் கை?