கதவிடுக்கு அட்டை

என் சிஸ்டத்தின் மேல் எனக்கு அவ்வளவு கர்வம். எங்கள் பல்கலைக்கழகக் கட்டடம் முழுக்க சென்சார் மாட்டியவன் நான்தான். ஆள் நடமாட்டம் தெரிந்தால் விளக்கும் ஏசியும் ஓடும், இல்லாவிட்டால் தானாக நிற்கும். கோவில்பட்டி வெயிலில் கரண்டை மிச்சப்படுத்திக் காட்டிய ஜேம்ஸ்ராஜ் சார் என்று நானே என்னை மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

ஏப்ரலில், கீழ்த்தளக் கருத்தரங்கு அறையில் தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு ஏசி ஓடுவதாகத் திரை காட்டியது. ‘ஆள் உண்டு’ என்று பச்சை எழுத்து. சாப்பாட்டு நேரத்தில் அங்கே யார் இருப்பது? அறையின் பொறுப்பு கூட்டிப் பெருக்கும் பொன்மணியக்காவிடம் இருந்தது. யோசிக்கவே இல்லை, அவர்தான் என்று பதிவாளருக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பதிவாளர் அறைக்கு அக்காவைக் கூப்பிட்டார்கள்.

“நான் அங்கன போகவே இல்ல சார். பின்னால வேப்பமரத்தடியிலதான் சாப்பிடுதேன்.”

“மெஷின் பொய் சொல்லாதும்மா,” என்றேன். தினமும் வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவன், அன்றைக்கு ‘ம்மா’ போட்டுப் பேசினேன்.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் பதிவாளர். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை ஒரு மணிக்குத் திரையில் மறுபடி ‘ஆள் உண்டு’. விழுந்தடித்துக்கொண்டு கீழே ஓடினேன். அறையில் ஒரு ஈ காக்கை இல்லை. கதவு தாழ் பிடிக்காமல் ஒரு சாண் திறந்திருந்தது. மத்தியானம் கிளம்பும் அனல் காற்று உள்ளே புகுந்து, சென்சாருக்கு நேராகத் திரைச்சீலை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தின மாதம் ஆய்வுக்குழு வந்த அன்று, இந்தக் கதவிடுக்கில் மடித்துச் செருகியிருந்த தீப்பெட்டி அட்டையை உருவி எறிந்தவன் நான். “சார், கோடையில மண்ணு வெடிச்சு நிலை விலகிரும், அட்டை இல்லன்னா கதவு நிக்காது...” என்று அக்கா ஆரம்பித்தார். “குப்பையெல்லாம் கண்ணில் காட்டாதீங்க” என்று வாயை அடைத்தேன்.

நான் ஒன்றும் வெளியூர்க்காரன் இல்லை. இதே கரிசல் காட்டுப் புதூர்தான் சொந்த ஊர். சித்திரை முழுக்க எங்கள் வீட்டுக் கதவிலும் அட்டைதான் நிற்கும். மழை பெய்து கரிசல் உப்பிவிட்டால் அதே கதவை இழைத்தால்தான் சாத்த முடியும். படித்த படிப்பில் அதெல்லாம் எங்கே போனதோ. வெட்கம் பிடுங்கித் தின்றது.

செய்தது என்ன? ஓர் அட்டையைத் தேடி மடித்துச் செருகினேன். கதவு சாத்தினபடி நின்றது, கொஞ்ச நேரத்தில் ஏசியும் நின்றது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

புதன்கிழமை பதிவாளர் என் தோளைத் தட்டினார். “பாத்தீங்களா? அந்தம்மா போனதும் ஏசி ஓடுறது நின்னுபோச்சு. உங்க சிஸ்டம் கில்லாடி சார்!”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

வியாழக்கிழமை மத்தியானம் சாவியை ஒப்படைக்க அக்கா வந்தார். கருத்தரங்கு அறையைத் தாண்டும்போது அவர் கால் நின்றது. குனிந்து கதவிடுக்கைப் பார்த்தார்.

“இது நான் வைக்குத மடிப்பு இல்லையே. யாரு வச்சது?”

“நான்தான்க்கா.”

“எப்ப?”

“திங்கக்கிழமை.”

அக்கா விரலை மடக்கினார். “அப்ப மூணு நாளா உங்களுக்குத் தெரியும்.”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அட்டையை உருவினேன். “வாங்கக்கா, இப்பவே போய்ச் சொல்லிருவோம்.”

“நீங்க போங்க. நான் சொல்ல வேண்டியத அன்னைக்கே சொல்லியாச்சு.” சாவியை என் கையில் வைத்துவிட்டு நடந்தார்.

அட்டையோடு மாடியேறிப் பதிவாளரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நம்பாமல் கூடவே இறங்கி வந்தார். இருவரும் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்று கதவைத் தள்ளியது. ஏசி ஓடத் தொடங்கியது. என் போனில் ‘ஆள் உண்டு’ என்று வந்தது.

உள்ளே யாரும் இல்லை. பொன்மணியக்கா ஏறிய பஸ் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.