முப்பத்தேழாம் புதிர்

வழிக்காரரின் வேலை அறைக்குள் போக வேண்டுமானால் பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கி, புத்தகக் கட்டுகளுக்கு நடுவே நான்கு வளைவு தாண்ட வேண்டும். புதிதாக வந்த கூரியர்காரர் ஒருவர் கையெழுத்து வாங்க உள்ளே போய், வெளியே வருவதற்குள் முகத்தில் தாடி துளிர்த்துவிட்டது.

அங்கே உட்கார்ந்துதான் அவர் முப்பது வருடமாகக் குழந்தைகளுக்கு 'வழி கண்டுபிடி' புதிர்கள் வரைந்தார். ஒரு மூலையில் முயல், எதிர்மூலையில் கேரட், நடுவே நானூறு சந்து. தானே வரைந்து, தானே அச்சிட்டு, தானே விற்றார். அட்டையில் எப்போதும் ஒரே வாசகம்: 'எல்லாப் புதிருக்கும் வழி உண்டு. உறுதி.' அந்த ஒரு வரிக்காகவே பெற்றோர் வாங்கினார்கள். பாதியில் அழுகிற பிள்ளைக்கு அட்டையைக் காட்டி, "இருக்குன்னு போட்டிருக்கு, தேடு" என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கலாம்.

நான்கு வருடமாக அவர் போட்ட புத்தகமெல்லாம் ஆறே மாதத்தில் வேறொரு பதிப்பகத்திலிருந்து திரும்பி வந்தது. முயல் இருந்த இடத்தில் அணில், கேரட் இருந்த இடத்தில் பாதாம். சந்துகள் அச்சு அசல் அவருடையவை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். 'சுவர் யாருக்கும் சொந்தமில்லை' என்று அணில்காரரிடமிருந்து ஒற்றை வரியில் பதில் வந்தது.

அதன்பிறகுதான் வழிக்காரர் அந்தக் காரியத்தைச் செய்தார். அடுத்த புத்தகத்தின் முப்பத்தேழாம் புதிரை ஒழுங்காக வரைந்து முடித்தார். பிறகு அதே பேனாவால், அதே மையால், எள்ளளவு கோடு ஒன்றை இழுத்து வழியை அடைத்தார். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. ரகசியம் கசியக் கூடாதென்று, சரியான வழியைக் குறித்து வைத்திருந்த முதல் வரைவைக் கிழித்து அடுப்பில் போட்டார்.

ஆறு மாதத்தில் அணில் புத்தகம் வந்தது. முப்பத்தேழில் அணிலுக்கும் வழியில்லை. வழிக்காரர் சந்தோஷத்தில் குதித்தார். அந்த அறையில் குதிக்க இடமில்லாததால் ஒரு கட்டு தலையில் விழுந்தது.

மனைவியின் தம்பிதான் அவருக்கு வக்கீல். விஷயத்தைக் கேட்டதும் தொடையைத் தட்டினான்.

"மாட்டிக்கிட்டான் அத்தான்! வழியே இல்லாத புதிரை எவனாவது சொந்தமா யோசிச்சு வரைவானா?" என்றவன் புத்தகத்தை மூடினான். அட்டை கண்ணில் பட்டது. முகம் சுருங்கியது. "இது என்ன, உறுதின்னு போட்டிருக்கீங்க?"

"முப்பது வருஷமா போடறதுதானேடா."

"அவன் திருடன்னு நிரூபிக்கணும்னா நீங்க பொய் சொன்னீங்கன்னு ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா அப்புறம் உங்க புத்தகத்தை எவன் தொடுவான்? ஒத்துக்கலைன்னா அவன் யோக்கியன் ஆயிடுவான்."

"வேற வழி?"

"அதைத்தான் அடைச்சு வச்சிருக்கீங்களே. வந்து சாப்பிடுங்க" என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

ஆகவே மனுவில் 'முப்பத்தேழாம் புதிர் மயிரிழைகூட மாறாமல் நகலெடுக்கப்பட்டுள்ளது' என்று மட்டும் எழுதினார்கள். அடைத்த கதையைச் சொல்லவில்லை.

நீதிபதி இரண்டு புத்தகத்தையும் வாங்கிப் பார்த்தார். "அவர் முயல் போற வழி வேற, எங்க அணில் போற வழி வேற, ஐயா. போட்டுப் பாத்தா தெரியும்" என்று அணில்காரரின் வக்கீல் வாய்க்கு வந்ததை அளந்துவிட்டார். நீதிபதி பென்சிலை எடுத்தார். அங்கே பிடித்தது சனி.

அன்று வழக்கு தள்ளிப்போனது. பிறகு பதினோரு வாய்தா. தீர்ப்பு வரும்வரை இரண்டு தரப்பும் எதையும் அச்சிடவோ விற்கவோ கூடாதென்று தடை வேறு. வழிக்காரரின் அறையில் கட்டுகள் அப்படியே நின்றன. புதிதாக வரையவும் கை வரவில்லை. எந்தக் கோட்டை இழுத்தாலும் போய் எதிலாவது முட்டியது.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் எழுந்து, "ஐயா, அந்தப் புதிருல..." என்று ஆரம்பிப்பார்.

"சொல்லாதீங்க! சொன்னா கோர்ட் அவமதிப்பு. நானே கண்டுபிடிக்கிறேன்" என்று நீதிபதி கையை உயர்த்துவார்.

குமாஸ்தா ஒரு பிரதி எடுத்துக்கொண்டார். டவாலி ஒன்று. அடுத்த வழக்குக்காகக் கூண்டில் மூன்று மாதமாகக் காத்திருந்த ஒரு திருடனுக்கும் ஒன்று கொடுத்தார்கள். அவன் ஒரு வாரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "ரெண்டு தடவ ஜெயில்லேர்ந்து தப்பிச்சவன் நான். இதுலேர்ந்து ஆகாது சாமி, என்னை ஜெயிலுக்கே அனுப்பிடுங்க."

பன்னிரண்டாம் வாய்தாவில் நீதிபதி பென்சிலைக் கீழே வைத்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"சரி. நீங்களே சொல்லுங்க. வழி எங்க இருக்கு?"

வழிக்காரர் எழுந்தார். மேசைமேல் கிடந்த அட்டை அவரையே பார்த்தது. மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். சொன்னால் முப்பது வருடம் போகும். சொல்லாவிட்டால் முப்பது வருடத்தையும் அணில் தின்னும்.

"வழி இல்லீங்க ஐயா. திருடனைப் பிடிக்க நான்தான் அடைச்சேன்."

பின்வரிசையில் ஒரு நாற்காலி சாய்ந்து விழுந்தது. அணில்காரர் எழுந்து நின்று கத்தினார்.

"அடப்பாவி மனுஷா! நாலு மாசம் சோறு தண்ணி இல்லாம நானே உக்காந்து தேடினேன்யா! உறுதின்னு போட்டிருந்ததை நம்பித்தானே அப்படியே எடுத்துப் போட்டேன்! இப்படியா ஒருத்தனை ஏமாத்துவே?"

அவருடைய வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தார். பொத்தான்தான் கையோடு வந்தது. வார்த்தை ஏற்கெனவே வெளியே போய்விட்டது.

"'அப்படியே எடுத்துப் போட்டேன்'. அதுக்குக் கீழ ஒரு கோடு போடும்மா" என்றார் நீதிபதி, தட்டச்சு செய்த பெண்ணிடம்.

தீர்ப்பு வந்தது. பதிப்புரிமை வழிக்காரருடையது. அணில் புத்தகங்கள் அத்தனையும் அழிக்கப்பட வேண்டும். மச்சான் அத்தானைக் கட்டிக்கொண்டான். நீதிபதி தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு பத்தியைப் படித்தார். அட்டையிலுள்ள வாக்கு பொய்யானதால், முப்பத்தேழாம் புதிரில் வழி திறக்கும்வரை முயல் புத்தகமும் விற்பனைக்கு வரக் கூடாது. இஷ்டத்துக்கு ஒரு சுவரை இடித்தால் அது வேறு படமாகிவிடும், உரிமையும் போய்விடும். அடைத்த அதே சுவரைத்தான் திறக்க வேண்டும். அதுவரை இரு தரப்பும் திங்கட்கிழமைதோறும் ஆஜராக வேண்டும்.

"அவ்வளவுதானே? அத்தான், காட்டுங்க" என்றான் மச்சான்.

வழிக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். அதே பேனா. அதே மை. அதே கை. முயல் பக்கத்துச் சந்துகளையும் கேரட் பக்கத்துச் சந்துகளையும் பிரிக்கிற கோடுகள் மட்டும் இருநூற்றுப் பதினாறு. அதில் எதை அவர் கடைசியாக இழுத்தார் என்று தெரிந்த ஒரே தாள் அடுப்பில் போயிருந்தது. கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார்.

அதிலிருந்து திங்கட்கிழமைகளில் நீதிபதியின் அறைக் கதவை டவாலி சாத்திவிடுவார். உள்ளே ஒரு மேசை, மூன்று பென்சில். ஒரு பக்கம் நீதிபதி, ஒரு பக்கம் வழிக்காரர், வாசல் ஓரமாக அணில்காரர்.

"இடது பக்கம் மூணாவது சந்து பாத்தீங்களா?" என்பார் அணில்காரர்.

"பாத்தேன்யா. போன வாரமே அங்கதானே முட்டிக்கிட்டு நின்னீங்க."

"பேசாதீங்க ரெண்டு பேரும்" என்பார் நீதிபதி. "எங்க இருந்தேன்னு விட்டுப்போச்சு."

மூவரும் மறுபடி முயலிடம் போய்த் தொடங்குவார்கள்.