கம்பளிக் கால்சட்டைக்கு எதிரான உறுமல்

1

இந்தக் கதை நான் செய்த ஒரு தவறிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெருமை அடித்துக்கொள்ளப் பின்னால் நிறைய இருக்கிறது.

கிழக்குப் பின்லாந்தில் ஏரிக்கரையில் ஓர் ஊர். அதன் நூலகத்தில் எனக்கு வேலை. பிப்ரவரிக் கடைசியில், பள்ளிகளுக்குப் பனிச்சறுக்கு விடுமுறை வரும் வாரத்தில், அடித்தளத்து இசையறையில் குழந்தைகளுக்கு, உறுமிப் பாடும் ராக் இசையான ஹெவி மெட்டலில் ஐந்து நாள் பட்டறை நடத்துகிறோம். வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு காலுறையோடு வருவார்கள். ஐந்தாம் நாள் மாலை பெற்றோர் முன்னால் தாங்களே எழுதிய பாட்டைப் பாடுவார்கள்.

முதல் வரியாக 'பனி பெய்துகொண்டிருந்தது' என்று எழுதினேன். அடித்துவிட்டேன். இங்கே அந்த வரியில் எதையும் தொடங்கலாம், பேருந்து அட்டவணையைக்கூட.

இரண்டாவது முயற்சி: 'ஹில்லா யாரோடும் பேசாத சிறுமி. சன்னலோரம் உட்கார்ந்து, உறைந்த ஏரியைப் பார்த்தபடி அவள்—'

2

இல்லை. மொழிபெயர்ப்பு நாவல்களை அளவுக்கு மீறிப் படித்ததால் வந்த கோளாறு இது. அவற்றில் வட ஐரோப்பியச் சிறுமிகள் எல்லோரும் சன்னலோரம் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். நம் ஹில்லாவுக்கு ஒன்பது வயது, வாய் மூடாது. திங்கட்கிழமை, பட்டறையை நடத்தும் துயிரேயைப் பார்த்ததும் அவள் கேட்டது:

"துயிரே, நீ எங்க ஸ்கூல்ல சூப்பு ஊத்துறவதானே? நெஜமாவே பேண்டுல பாடுறியா?"

"இருபது வருஷமா. பகல்ல சூப்பு, ராத்திரில உறுமல்."

"உன் சூப்புல உப்பே இருக்காது."

"உறுமல்ல இருக்கும் பாரு."

(முதலில் ஹில்லாவின் வாயில் 'நீங்க' போட்டிருந்தேன். இந்த ஊரில் ஏழு வயதுப் பிள்ளையும் தலைமையாசிரியரைப் பேர் சொல்லி 'நீ' என்றுதான் பேசும். துயிரேயை யாராவது 'நீங்க' என்றால், யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொள்வாள்.)

3

உறுமக் கற்றுத்தருவதில் துயிரேக்கு ஒரு முறை உண்டு.

"தொண்டையால கத்தாதீங்க, நாளைக்குக் குரல் போயிடும். கரடி குளிர்காலம் பூரா தூங்கிட்டு எந்திரிச்சு கொட்டாவி விடுது. வயித்துலேருந்து. ம், விடுங்க."

டிரம் வாசிக்க வந்த ஓட்சோ, ஏழு வயது, நிஜமாகவே கொட்டாவி விட்டான்.

"பிரமாதம். அதுல கொஞ்சம் சத்தம் சேர்த்துக்கோ."

செவ்வாய்க்கிழமை பாட்டு எழுதினார்கள். "வீட்டுல சொல்ல முடியாத ஒண்ண எழுதுங்க" என்றாள் துயிரே. "பயப்படாதீங்க. உறுமும்போது ஒரு வார்த்தைகூட எவனுக்கும் புரியாது. மெட்டலோட அழகே அதுதான். எங்கம்மாவத் திட்டி எட்டுப் பாட்டு பாடியிருக்கேன். எல்லாக் கச்சேரிக்கும் வந்து முன் வரிசைல உக்காந்து கைதட்டுவா."

இதைச் சொன்னபோது நான் மேல்மாடியில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தேன்.*

* என் தரப்பு வாதம் இவ்வளவுதான்.

4

அடுத்த பாத்திரத்தில் எனக்கே சந்தேகம். ஹில்லாவின் அப்பா கிம்மோ காட்டிலிருந்து மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். கதவில் குனிந்து நுழையும் உயரம், நெஞ்சுவரை தாடி. லாரியில் மரம் ஏறும்வரை ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்து கம்பளி பின்னுவார். யாரும் நம்பமாட்டார்கள் என்று அவரை மீன் பிடிக்க அனுப்பிப் பார்த்தேன். பின்னல் ஊசியைக் கீழே வைக்க மறுத்துவிட்டார்.

இலையுதிர்காலம் முழுவதும் அவர் மகளுக்கு ஒரு கம்பளிக் கால்சட்டை பின்னினார். சாம்பல் நிறம், கணுக்காலிலிருந்து இடுப்புவரை. தினமும் காலையில் அவள் அதை மாட்டிக்கொண்டு நிற்கும்போது கேட்பார்:

"சூடா இருக்கா?"

"ம், சூடா இருக்கு."

கேட்டுவிட்டுச் சிரிப்பார். கிம்மோ சிரிப்பதை ஊரில் பார்த்தவர்கள் குறைவு. கால்சட்டையோ முள்ளாகக் குத்தியது. சூப்பில் உப்பில்லை என்று சமைத்தவள் முகத்துக்கு நேரே சொன்னவளால் இதை மட்டும் சொல்ல முடியவில்லை. சொன்னால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்று நினைத்தாள்.

எழுதினாள்:

குத்துது! குத்துது!
முட்டியில குத்துது! தொடையில குத்துது!
ஆயிரம் எறும்பு! ஒத்த ஆடு!

நீ பின்னுற! நான் சிரிக்கிறேன்!
நீ கேக்குற! சூடா இருக்கா!
சூடா இருக்கு! சூடா இருக்கு!
பொய்! பொய்! பொய்!

கச்சேரிக்கு இந்தப் பாட்டுதான் என்று குழந்தைகள் கை தூக்கித் தீர்மானித்தார்கள். ஓட்சோ இரண்டு கையையும் தூக்கினான்.

5

வியாழக்கிழமை ஹில்லா என் மேசைக்கு வந்தாள். "இதப் பெரிய எழுத்துல அடிச்சுத் தா. கைல வச்சுப் பாடணும்."

அடித்துக் கொடுத்தேன். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் எங்கள் நூலகத்தில் புதன்கிழமைதோறும் ஊரார் கூடிச் சேர்ந்து பாடுவார்கள். பாட்டு வரிகளைத் திரையில் போடுவது ஆறு வருடமாக என் வேலை. பாட்டு என்றால் வரிகள் திரைக்குப் போக வேண்டும். கை தானாகச் செய்துவிடும்.

வெள்ளி மாலை. வெளியே மைனஸ் இருபத்திரண்டு. முப்பது பெற்றோர்கள், சத்தத்துக்காக நாங்கள் வாசலில் கொடுத்த காதுமூடியை மாட்டிக்கொண்டு, பல் டாக்டரிடம் வந்தவர்கள்போல அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கிம்மோ இரண்டாம் வரிசையில்.

ஓட்சோ டிரம்மை அடித்தான். கிடார்கள் கிழித்தன. ஹில்லா வாயைத் திறந்தாள்.

அந்த உறுமலை எப்படி எழுதுவது? 'இடிபோல' என்று எழுதி அடித்தேன். 'ஏரிப் பனி விரிசல் விடும்போது—' அதையும் அடித்தேன். வயிற்றிலிருந்து வந்தது. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து வந்தது. துயிரே கையை இறுகக் கட்டிக்கொண்டு உதட்டைக் கடித்தாள். அவள் அழுதுவிடாமல் இருக்க அப்படித்தான் செய்வாள். நான்கு நாளில் எங்கள் அடித்தளத்தில் செய்த உறுமல் அது. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கட்டும்.

முதல் சரணம் முடியும்போது ஹில்லா கவனித்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் அவள் தலைக்கு மேலே, இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டிருந்தன. அப்பாவின் கண்களும்.

திரும்பினாள். திரையில் ஒரு முழ உயரத்துக்கு அவளுடைய வரிகள்.

அப்போதுதான் எனக்கும் புரிந்தது. ரிமோட்டைத் தேடினேன். துயிரே 'நிறுத்தட்டுமா' என்பதுபோலக் கையை உயர்த்தினாள். ஓட்சோ ஒன்றும் அறியாமல் அடித்துக்கொண்டே இருந்தான். இன்றுவரை அவனுக்கு நான் நன்றி சொல்லவில்லை.

ஹில்லா முன்பக்கம் திரும்பி, அப்பாவைப் பார்த்து, இரண்டாம் சரணம் முழுவதையும் உறுமினாள். மூன்று 'பொய்'யும் விடாமல்.

6

எழுதி வைத்த முடிவுகள்:

(அ) கிம்மோ எழுந்து வெளியே போகிறார். லாரி கிளம்பும் சத்தம். (படிக்க அழகாக இருந்தது. அவருக்குச் செய்யும் அநியாயமாகவும் இருந்தது.)

(ஆ) ஓடிவந்து மகளைக் கட்டிக்கொள்கிறார். (முப்பது பேர் முன்னிலையில்? எங்கள் ஊரில்?)

நடந்தது இது. பாட்டு முடிந்தது. யாரும் கைதட்டவில்லை, முடிந்துவிட்டதா என்று நிச்சயமில்லாததால். அந்த அமைதியில் கிம்மோ, ஊர்க்கூட்டத்தில் செய்வதுபோல, கை தூக்கினார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"ஹில்லா, இன்னொரு தடவ பாட முடியுமா?"

"ஏன்?"

"இதுவரைக்கும் படிச்சேன். கேக்கல." காதுமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஓட்சோ குச்சிகளை எடுத்தான். ரிமோட் இப்போது என் கையில் இருந்தது. நான் ஹில்லாவிடம் கேட்டேன்: "எழுத்து இருக்கட்டுமா? அணைச்சிடட்டுமா?"

அவள் ஒரே வார்த்தையில் பதில் சொன்னாள். இரண்டு பதிலையும் எழுதிப் பார்த்தேன், இரண்டையும் எடுத்துவிட்டேன். ஒருமுறை என் கை அவளைக் கேட்காமலே அவள் வார்த்தையைத் திரையில் போட்டுவிட்டது. இரண்டாம் முறை அதைச் செய்யமாட்டேன். அந்த இடத்தில் எந்த வார்த்தை என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அவள் அதை உறுமாமல் சொன்னாள். கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்டது.